அரக்குச் சட்டை

“அக்கா, இந்தச் சட்டி அடிப்பிடிக்குமா?”

புதுசாகக் கல்யாணமான ஜோடி. அவளிடம் சட்டியை நீட்டிக்கொண்டு நின்றார்கள்.

அவர்களைக் குறை சொல்ல முடியாது. அந்தப் பாத்திரக் கடையில் வேலை பார்க்கிற அத்தனை பேருக்கும் அரக்கு நிறச் சட்டை, கறுப்புக் கால்சட்டை. அவள் போட்டிருந்ததும் அதேதான்.

நான் கடை ஆள் இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் தீர்ந்தது. அவள் சொல்லவில்லை.

சட்டியை வாங்கி அடியைச் சுண்டிப் பார்த்தாள். இது மெல்லிசு, பால் வைத்தால் பக்கத்திலேயே காவல் நிற்க வேண்டியதுதான் என்று சொல்லி, கீழ்த்தட்டிலிருந்து கனமானதாக ஒன்றை எடுத்துக் கொடுத்தாள். இரண்டு பேரும் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

முப்பது வருஷம் அடுப்படியில் நின்று கற்றது. வீட்டில் ஒருவரும் கேட்டதில்லை.

வீட்டில் கேட்பது என்ன, பார்ப்பதே கிடையாது. போன கல்யாண நாளுக்கு ஆசை ஆசையாய் நீலத்தில் புதுப்புடவை வாங்கி உடுத்திக்கொண்டு, கணவர் முன்னால் இரண்டு தடவை நடந்தாள். டிவியை மறைக்காதே என்றார். மகன் தலையை நிமிர்த்தி, சார்ஜரைப் பார்த்தாயா என்று கேட்டான். அன்றைக்கு வந்த அழுகை, இன்றைக்கு நினைத்தாலும் வரும்.

இங்கே அப்படியில்லை. ஜோடி நகர்வதற்குள் ஒரு பெரியவர் குக்கர் மூடியோடு வந்துவிட்டார். அவருக்குப் பின்னால் இன்னொருத்தி. அக்கா, அம்மா, மேடம் என்று ஆளுக்கொரு விதமாகக் கூப்பிட்டார்கள். அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை.

அப்போதுதான் சூப்பர்வைசர் தன்னை நோக்கி வருவதைக் கண்டாள்.

கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கிற மனுஷர். ஒரு கரண்டி இடம் மாறியிருந்தாலும் கண்டுபிடித்துவிடுவார். தன் ஆட்களின் முகம் தெரியாதா அவருக்கு?

நாலு பேர் முன்னால் நீங்கள் யார் என்று கேட்டுவிட்டால், இனி இந்தப் படியை மிதிக்க முடியாது. இதுவும் போய்விட்டால் அவளை நிமிர்ந்து பார்க்க ஊரில் ஆள் கிடையாது.

அவர் பக்கத்தில் வந்து நின்று, அடுக்கியிருந்த மூடிகளைச் சரிசெய்தார். அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

“ஒண்ணாம் தேதியிலேர்ந்து எங்க சட்டை மாறுதும்மா. இனிமே பச்சை.”

ஏழு செவ்வாய்க்கிழமைகளாக, இதற்கென்றே தேடி வாங்கிய அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு அவள் வருகிறாள். எத்தனையாவது செவ்வாயில் இவர் கண்டுபிடித்தார்?

பிறகு மெல்லக் கேட்டாள்.

“என்ன பச்சைங்க?”

அவர் பையிலிருந்து விரலகலப் பச்சைத் துணித்துண்டு ஒன்றை எடுத்து அலமாரி ஓரத்தில் வைத்துவிட்டு, அடுத்த வரிசைக்குப் போனார்.