மயக்கம் தெளியும் முன்

மகனின் மணிக்கட்டை முழங்காலால் கட்டிலோடு அழுத்திக்கொண்டு, நகவெட்டியைத் திறந்தார் அப்பா.

“சார், தம்பி மயக்கத்துல இருக்கு. போலீஸ்காரர் மாதிரி எதுக்கு இப்படி அமுக்குறீங்க?” என்றார் நர்ஸ்.

அப்பா குனிந்து பார்த்தார்.

ஆமாம். உறங்கிக்கொண்டிருந்தான்.

உதட்டோரம் பஞ்சு. அதில் கொஞ்சம் ரத்தம்.

இருபத்திரண்டு வயது. பேச்சு வராது. நினைவு தெரிந்த நாளிலிருந்து யார் தொட்டாலும் தாங்கமாட்டான். அப்பா தொட்டாலும்தான்.

மூன்று வாரமாகத் தன் வலது தாடையில் தானே குத்திக்கொண்டே இருந்தான். சாப்பிடவில்லை. எந்தப் பல் என்று சொல்லத் தெரியவில்லை. நான்கு மருத்துவர்கள் வாயைத் திறக்க முடியாமல் திருப்பி அனுப்பினார்கள்.

ஐந்தாவது டாக்டரம்மாவின் விரலைக் கடித்துவிட்டான். அவர் விரலைக் கழுவிக்கொண்டு வந்து சொன்னார், முழு மயக்கம் கொடுத்துச் செய்துவிடலாம் என்று. பிறகு, அவன் தூங்கும்போது வேறு என்ன செய்ய வேண்டுமோ அதையும் யோசித்து வைக்கச் சொன்னார்.

அப்பா ஒரு வாரம் யோசித்தார்.

நகம் வெட்ட வேண்டும் என்றார். மற்றதைக் கேட்கக் கூச்சமாக இருந்தது.

பிடுங்கிய பற்கள் மூன்று. வேர்வரை கறுத்திருந்தன. அவற்றைக் காட்டிய டாக்டரம்மாவின் விரலில் இன்னும் பிளாஸ்திரி இருந்தது. அப்பா அவரைக் கும்பிட்டார்.

மகனின் மணிக்கட்டிலிருந்து முழங்காலை எடுத்தார்.

கை அப்படியே கிடந்தது.

அதைத் தூக்கித் தன் உள்ளங்கையில் வைத்துக்கொண்டார். கனமாக இருந்தது. வெதுவெதுப்பாக இருந்தது.

மூன்று பேர் பிடித்தாலும் இரண்டு நகத்துக்கு மேல் வெட்ட விட்டதில்லை.

கட்டை விரல்.

ஆள்காட்டி விரல்.

விரலிடுக்கில் ஒரு மச்சம் இருந்தது. இன்றுதான் பார்க்கிறார்.

ஒரு கை முடிந்தது. சுற்றிப் போய் மறுபக்கம் உட்கார்ந்தார். நகத்துணுக்குகளைக் கைக்குட்டையில் சேர்த்துக்கொண்டார். அவசரப்படவில்லை.

பத்தும் முடிந்தது.

மகனின் இமை லேசாக அசைந்தது.

“ஆச்சா சார்? முழிக்கிற நேரம்.”

“இன்னும் ஒரு விரல் இருக்கு சிஸ்டர்.”

நர்ஸ் எட்டிப் பார்த்தார். நகவெட்டி மூடியபடி மேசைமேல் கிடந்தது. அப்பாவின் இரண்டு கைகளும் மகனின் ஒரு கையைப் பொத்தியிருந்தன.

“சரி. மெதுவா வெட்டுங்க.”

திரையை இழுத்து மூடிவிட்டுப் போனார்.