மெஷினுக்குப் பொட்டு

"வாயை மூடுங்க மாமா! நல்லா இறுக்கி மூடுங்க!"

கதவைத் தட்டிக் குரல் கொடுத்துவிட்டு நின்ற ராசாத்தாளின் காதில் முதலில் விழுந்தது இதுதான். உடுமலைப்பேட்டையிலிருந்து பஸ் ஏறி, தேங்காய்ப் பையைச் சுமந்துகொண்டு, சிங்காநல்லூரில் இருக்கும் தம்பி வீட்டுக்கு அவள் வந்திருக்கிறாள். உள்ளே, இன்னும் தலைதீபாவளிகூடக் கொண்டாடாத ஒருத்தி கட்டியவனை இப்படி அதட்டுகிறாள்!

கொஞ்சம் தாமதித்துத்தான் கதவு திறந்தது. "வாங்க நங்கையா" என்று மூச்சு வாங்கப் பையை வாங்கிக்கொண்டாள் ரங்கநாயகி. ராசாத்தாள் நாத்தனாருக்கு உரிய மிடுக்கோடு உள்ளே நுழைந்தாள்.

கட்டிலில் தம்பி வெங்கடபதி விறைப்பாக உட்கார்ந்திருந்தான். மூக்கை ஒரு ரப்பர் கவசம் கவ்வியிருந்தது. அதிலிருந்து இறங்கிய குழாய், ஸ்டூல்மேல் உறுமிக்கொண்டிருந்த மெஷினுக்குப் போனது. தலையைச் சுற்றிய பட்டை போதாமல் இரண்டு காதையும் மடக்கி இறுக்கியது.

"உங்க பக்கத்து ஊட்டுக்காரி ஒரு கல்யாணத்துல என்னையப் பாத்துச் சொன்னப்ப நான் நம்பலயே! குறட்டை சுவரு தாண்டிக் கேக்குதாமா, அதுக்கு மெஷின் வேற வந்திருக்குதாமா. எல்லாம் நெசந்தானா?"

வெங்கடபதி "வாங்கக்கா" என்று வாயைத் திறந்தான். புஸ்ஸென்று காற்று வாய்வழியே பீறிட்டுப் பாதி வார்த்தையைத் தின்றுவிட்டது.

"மாமா, வாயி!" என்றாள் ரங்கநாயகி. பிறகு நாத்தனார் பக்கம் திரும்பினாள். "மூக்குல போற காத்து, வாயைத் தொறந்தா வெளிய வந்துருமுங்க நங்கையா. அதான் பகல்லயே மாட்டிப் பழகோணும்னு டாக்டர் சொல்லியிருக்கறாரு. நாக்கை மேலண்ணத்துல ஒட்டி வெச்சுக்கிட்டா வாய் தானாத் தொறக்காதுங்க."

இத்தனை பாடம் நடத்தியவள், முடித்த கையோடு பெரிய கொட்டாவி ஒன்று விட்டாள். இவன் குறட்டையில் பாவம் இவளுக்கும் தூக்கமில்லை என்று ராசாத்தாளுக்கே கொஞ்சம் இரக்கம் வந்தது.

அந்த இரக்கம் மெஷினைச் சுற்றி வந்து பார்க்கும் வரைதான். அதன் பக்கவாட்டில் சிவப்பும் கறுப்புமாக ஸ்டிக்கர் பொட்டுகள் வரிசையாக ஒட்டியிருந்தன. போன வாரம்தான் ஆயுத பூஜை முடிந்திருந்தது. மிக்ஸிக்கும் ஸ்கூட்டருக்கும் வைத்த சூட்டோடு இந்தச் சனியனுக்கும் வைத்திருக்கிறாளாக்கும்!

"ஏனம்மணி, சந்தனம் குங்குமம் கொழைக்கக்கூட உடம்பு வணங்கலயா? ஸ்டிக்கரை ஒட்டிப்போட்டாப் பூஜை ஆயிருமா?"

ரங்கநாயகி தலையைக் குனிந்துகொண்டாள்.

ராசாத்தாள் வந்த காரியத்துக்கு வந்தாள். அவள் மகளுக்கு நல்ல வரன் கூடி வந்திருக்கிறது. மாப்பிள்ளை வீட்டார் வெள்ளிக்கிழமை தாய்மாமன் வீட்டையும் எட்டிப் பார்ப்பார்கள். தாய்மாமன் மூக்கில் குழாயோடு உட்கார்ந்திருந்தால் சீக்காளிக் குடும்பம் என்று சம்பந்தம் கைநழுவிப் போய்விடும்.

"ஆம்பளைன்னா குறட்டை உடத்தான் செய்வான். நம்மப்பன் உடாத குறட்டையா? இதைப் பெட்டியில போட்டு இன்னைக்கே திருப்பிக் குடுத்துப்போடு கண்ணு" என்று சொல்லிக்கொண்டே பிளக்கைப் பிடுங்கப் போனாள்.

ரங்கநாயகி குறுக்கே வந்து நின்றாள். "என்னை என்ன வேணாலும் பேசுங்க நங்கையா. பிளக்குல மட்டும் கை வெக்காதீங்க."

"ஓ, அத்தனை தூரத்துக்கு ஆயிப்போச்சா?"

வெங்கடபதி கவசத்தை நெற்றிக்கு ஏற்றிவிட்டு எழுந்தான். இதுவரை அக்கா கிழித்த கோட்டைத் தாண்டாதவன். இன்று அவளை நேராகப் பார்த்துப் பேசினான்.

"தூக்கத்துல மூச்சு நின்னு நின்னு போகுதுங்கக்கா. மெஷின் இல்லாட்டி, ஒரு நாளைக்கு நின்னது நின்னபடியே போயிரும்னு டாக்டர் சொல்லிப்போட்டாரு. சம்பந்தம் போனா வேற பாத்துக்கலாம். வாரவங்க பாத்துட்டே போகட்டும். யாரு சொன்னாலும் இது இந்த ஊட்டை உட்டு நகராது!"

சொல்லிவிட்டுக் கவசத்தை இழுத்து மாட்டிக்கொண்டு, வாயைப் பூட்டி உட்கார்ந்துவிட்டான்.

ராசாத்தாளுக்கு இடுப்பில் தூக்கி வளர்த்த தம்பி எதிர்த்துப் பேசிய கோபம் ஒரு பக்கம். அவன் கண் கலங்கியிருந்தது இன்னொரு பக்கம். கடைசியில் அந்தக் கண்தான் ஜெயித்தது.

"செரி, வெச்சுக்க. உன்ற உசுரைவிட எனக்குச் சம்பந்தம் பெருசில்ல" என்று மூக்கை உறிஞ்சினாள். பிறகு, விட்டுக்கொடுத்த பெருமையில் ஒரு வார்த்தை கூடுதலாகவே வந்தது. "ஆம்பளையாப் போனதால பொறுத்துக்கறேன். இதே உன்ற பொண்டாட்டி குறட்டை உட்டிருந்தா, பொம்பளைக் குறட்டை ஊட்டுக்கு ஆகாதுன்னு இந்நேரம் காரமடை பஸ்ல ஏத்தி அவங்கப்பன் ஊட்டுக்கே அனுப்பியிருப்பேன்!"

வெங்கடபதி மனைவியைப் பார்த்து, வேண்டாம் என்பதுபோல அவசரமாகத் தலையை ஆட்டினான். ரங்கநாயகி அதைக் கண்டுகொள்ளவில்லை.

நெற்றியிலிருந்த பொட்டை எடுத்தாள். மெஷினில் இருந்த வரிசையின் கடைசியில் அதை ஒட்டினாள். தலையணையைத் தட்டிப் போட்டுக் கட்டிலில் உட்கார்ந்து, நாத்தனாரை நேருக்கு நேர் பார்த்தபடியே புருஷனிடம் கையை நீட்டினாள்.

"கழட்டிக் குடுங்க மாமா, எனக்குத் தூக்கம் வருது."