கோணமானியின் பறிமுதல்

"இன்னிக்கு இன்னொருத்தி மாட்டினா, டீச்சர்."

கணக்கு வாத்தியார் ஒரு தடிமனான புத்தகத்தைத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டினார். ஆசிரியர் அறையில் இருந்த அத்தனை பேரும் திருத்திக்கொண்டிருந்த விடைத்தாள்களை விட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். அவர் அதைத் தன் தோல் பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்து மூடினார்.

"வெள்ளிக்கிழமை மேடத்துக்கிட்ட காட்டணும். சாட்சியம்."

இலக்கிய டீச்சர் சிவப்புப் பேனாவைக் கீழே வைத்தாள். புத்தகம் அவளுடையது. ஒரு கலங்கரை விளக்கத்தில் நடக்கும் கொலையைப் பற்றிய மர்ம நாவலின் இரண்டாம் பாகம். முதல் பாகம் போன வாரமே ஜன்னலோரப் பையன் ஒருவனிடமிருந்து பறிபோயிருந்தது.

ஒரு வருடம் தலைமையாசிரியையின் அறை வாசலில் நடையாய் நடந்து, ஒன்பதாம் வகுப்புக்கு வாரம் ஒரு வாசிப்பு பீரியட் வாங்கியிருந்தாள். புதன்கிழமை, கடைசி மணி. ஒரு தகரப் பெட்டி நிறையக் கதைப் புத்தகங்கள். பிடித்ததை எடுக்கலாம், வீட்டுக்குக் கொண்டுபோகலாம். இருபது பக்கத்துக்குள் சலித்துவிட்டால் திருப்பிப் போட்டுவிடலாம். பரீட்சை கிடையாது, கதைச் சுருக்கம் கிடையாது, இதிலிருந்து நீ என்ன கற்றுக்கொண்டாய் என்ற கேள்வி அறவே கிடையாது.

முதல் மாதம் பிள்ளைகள் புத்தகத்தைத் தலைக்கு வைத்துத் தூங்கினார்கள். அப்புறம் யாரோ ஒருத்தி அந்தக் கொலையில் மாட்டிக்கொண்டாள். அவளிடமிருந்து பக்கத்து பெஞ்சுக்கு, அங்கிருந்து கடைசி பெஞ்சுக்கு என்று அம்மை மாதிரி வகுப்பு முழுக்கப் பரவிவிட்டது. டீச்சருக்குத் தலைகால் புரியாத சந்தோஷம்.

அந்தச் சந்தோஷத்தில் மண்ணைப் போட வந்தவர்தான் கணக்கு வாத்தியார். பிள்ளைகள் அவருக்கு வைத்திருந்த பெயர் கோணமானி. வராந்தாவில் திரும்பும்போதுகூடச் சரியாகத் தொண்ணூறு டிகிரியில்தான் திரும்புவார். கதை படிக்கிற நேரத்தில் கணக்குப் போடலாமே, அந்தப் புதன்கிழமை மணியை எனக்குக் கொடுங்கள் என்று தலைமையாசிரியைக்கு மனு எழுதிக் கொடுத்திருந்தார். முடிவு வெள்ளிக்கிழமை.

அன்று மாலை டீச்சர் புத்தகத்தைப் பறிகொடுத்தவளைக் கூப்பிட்டு விசாரித்தாள். கணக்கு வகுப்பில் அதை ஏன் வெளியே எடுத்தாய், என் பிழைப்பில் ஏன் கை வைக்கிறாய் என்று பிடிபிடியென்று பிடித்தாள்.

"நான் எடுக்கவே இல்ல மிஸ். பைக்குள்ளதான் இருந்துச்சு. சாரே பக்கத்துல வந்து நின்னு, பையைத் திறன்னு சொன்னார்."

முகத்தில் பால் வடிந்தது. போன வாரம் ஜன்னலோரப் பையனும் வரி பிசகாமல் இதையேதான் சொல்லியிருந்தான். இரண்டும் பேசிவைத்துக்கொண்டு புளுகுகின்றன என்று டீச்சர் முடிவு கட்டினாள். கதை படிக்கிற பிள்ளைகளுக்குக் கதை விடவும் வந்துவிடுகிறதே என்று ஒரு மூலையில் பெருமையாகவும் இருந்தது.

வெள்ளிக்கிழமை தலைமையாசிரியையின் மேசைமேல் நேர அட்டவணை விரிந்து கிடந்தது. புதன்கிழமைக் கடைசிக் கட்டத்துக்குப் பக்கத்தில் பென்சிலும் அழிரப்பரும் தயாராக இருந்தன.

வீட்டில் கண்ணாடி முன் நின்று தயாரித்து வந்த பேச்செல்லாம் அழிரப்பரைப் பார்த்ததுமே டீச்சருக்கு மறந்துபோயிற்று. முப்பத்தாறு பேரில் முப்பத்தோரு பேர் இப்போது தானாகப் படிக்கிறார்கள் என்பதை மட்டும் எப்படியோ சொல்லிவிட்டாள். அதற்கு மேல் பேசினால் அழுதுவிடுவோம் என்று வாயை மூடிக்கொண்டாள்.

தலைமையாசிரியை அழிரப்பரைக் கையில் எடுத்தபடி கணக்கு வாத்தியார் பக்கம் திரும்பினார். "நீங்க சொல்லுங்க சார். சாட்சியம் இருக்குன்னீங்களே."

அவர் பையைத் திறக்கவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"மனுவை வாபஸ் வாங்கிக்கறேன், மேடம்."

டீச்சர் தன் காதையே நம்பாமல் அவரைப் பார்த்தாள்.

"படிக்கிறதுக்குன்னு ஒரு பீரியட் இருந்தா அங்கேயே படிச்சு முடிச்சிடுவாங்க. என் வகுப்புல தொந்தரவு இருக்காது" என்றார் அவர், சுவரில் தொங்கிய நாட்காட்டியைப் பார்த்துக்கொண்டு. "வாரத்துக்கு ரெண்டாக் கொடுத்தாலும் எனக்கு ஆட்சேபணை இல்ல."

தலைமையாசிரியை அவரை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு அழிரப்பரை இழுப்பறைக்குள் போட்டுவிட்டு அடுத்த கோப்பை எடுத்தார்.

வராந்தாவில் டீச்சர் ஏறக்குறைய ஓடிப்போய் அவரைப் பிடித்தாள். இத்தனை நாள் அவரை மனதுக்குள் திட்டிய திட்டெல்லாம் நினைவுக்கு வந்து அவளைக் கூச வைத்தது. பிள்ளைகள்மேல் இவ்வளவு அக்கறை வைத்திருக்கிறீர்கள் என்று தெரியாமல் போய்விட்டதே என்று மூச்சு வாங்க நன்றி சொன்னாள்.

கணக்கு வாத்தியார் பையிலிருந்து இரண்டு பாகங்களையும் எடுத்து அவள் கையில் வைத்தார். இந்தப் பக்கம் ஒருமுறை, அந்தப் பக்கம் ஒருமுறை திரும்பி, யாரும் வரவில்லை என்று நிச்சயப்படுத்திக்கொண்டார். பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"நன்றியெல்லாம் இருக்கட்டும் டீச்சர். மூணாம் பாகம் யார் பையில இருக்கு?"