பேர் வெட்டிய தூக்குவாளி

கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு தூக்குவாளி இருந்தது.

அவள் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

எவர்சில்வர். ஒரு பக்கம் நசுங்கிப் புகையேறிக் கறுத்திருந்தது. வாய்க்குக் கீழே புள்ளி புள்ளியாக வெட்டிய பெயர் மட்டும் தெளிவாகத் தெரிந்தது. ம. சங்கரேஸ்வரி.

அவள் மகள்.

பட்டாசு செய்கிற ஆபீஸ் வெடித்து இருபது வருஷம் ஆகிறது என்று, ஊர் அருங்காட்சியகத்தில் இன்றைக்கு இந்த அறையைத் திறக்கிறார்கள். செத்துப்போன பிள்ளைகளின் படங்களுக்கு மாலை போட்டு, ஒவ்வொன்றின் கீழும் ஓர் அகல் வைத்திருந்தார்கள். போலீஸ் ஸ்டேஷனில் கிடந்த சாமான்களைக் கேட்டு வாங்கிக் கண்ணாடிக்குள் அடுக்கியிருந்தார்கள். வெளியே பந்தல், மைக், கேசரி. இழவுக்குக் கேசரி கிண்டுகிற புத்தி இந்த ஊர்க்காரர்களுக்குத்தான் வரும்.

செத்த பிள்ளைகளின் தாய்மாருக்குப் பொன்னாடை உண்டு. அவளுக்கும் போர்த்தினார்கள்.

கூட வந்த வேலம்மாளுக்குப் போர்த்தவில்லை.

வேலம்மாள் பக்கத்து வீட்டுக்காரி. இவளைவிடச் சின்னவள். அவள் மகள் செல்வக்கனியும் அதே ஆபீசில்தான் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். சேர்ந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை, கணக்கில் பெயர் ஏறவில்லை. அன்று காலையில் சோறு கட்டிக்கொண்டு போனவள் வீட்டுக்கும் வரவில்லை, பிணமாகவும் கிடைக்கவில்லை. அவள் வேலைபார்த்த கொட்டகையில் இருந்தவர்களில் ஒருத்தி பிழைத்திருந்தாலாவது கேட்டுத் தெரிந்திருக்கலாம். அன்றைக்கு முக்காடு போட்ட ஒரு பெண் எவனோடோ மதுரை பஸ் ஏறியதை டீக்கடைக்காரர் தூரத்திலிருந்து பார்த்தாராம். அப்புறம் ஊர் வாய்க்கு வேறென்ன வேண்டும்?

ஒருத்திக்கு, ஐயோ பாவம்.

இன்னொருத்திக்கு, பிள்ளை வளர்த்த லட்சணத்தைப் பார்.

வேலம்மாள் எல்லாவற்றையும் கேட்டுக்கொள்வாள். எங்கிட்டாவது நல்லா இருந்தாச் சரி என்பாள். தீபாவளிக்குத் தீபாவளி, கண்ணால் காணாத பேத்திக்கு ஒரு கவுன் எடுத்துப் பெட்டியில் வைப்பாள். வருஷத்துக்கு வருஷம் அளவு பெரிதாகிக்கொண்டு போகும்.

அன்றைக்குப் பிணத்தை அடையாளம் காட்ட ஆஸ்பத்திரிக்கு ஆம்பளைகள்தான் போனார்கள். கரிக்கட்டைக்கு முகம் ஏது? பேர் வெட்டுன பாத்திரம் பக்கத்துலயே கெடந்துச்சு என்று சங்கரேஸ்வரியின் அப்பன் வந்து சொன்னான். அவள் மாரில் அடித்துக்கொண்டு அழுதாள். எந்தப் பாத்திரம் என்று கேட்கவில்லை. அந்த நேரத்தில் எந்தத் தாய் கேட்பாள்? மகள் சடங்குக்குத் தாய்மாமன் சீராக வைத்த பாத்திரம் அத்தனையிலும் அந்தப் பெயர்தான்.

ஆனால் அவள் அன்றைக்குச் சோறு கட்டிக் கொடுத்தது மூடி போட்ட வட்டச் சம்படத்தில்.

தூக்குவாளி வீட்டிலேயே இல்லை. முதல் நாள் சாயங்காலம்தான் அதில் மீன் குழம்பு ஊற்றி வேலம்மாள் வீட்டுக்குக் கொடுத்துவிட்டிருந்தாள். குழம்பு வந்த பாத்திரத்தை அந்தத் தெருவில் யாரும் வெறுமனே திருப்பித் தரமாட்டார்கள். ருசியாக ஏதாவது செய்து, அதில் வைத்துத்தான் தருவார்கள். அதுவரை அங்கேயே கிடக்கும். அவசரத்துக்கு அந்த வீட்டுப் பிள்ளை அதில் சோறு எடுத்துப் போவதும் உண்டு.

அப்படியானால் குழிக்குள் வைத்தது யாரை?

பஸ் ஏறியது யார்?

சந்தோஷம்தான் முதலில் வந்தது. அதை மறைக்க என்ன இருக்கிறது. இருக்கிறாள். எங்கேயோ உயிரோடு இருக்கிறாள்.

அடுத்த மூச்சில் ஆத்திரம். அடிப்பாவி மகளே, இத்தனை வருஷத்தில் ஒரு வார்த்தை சொல்லியனுப்ப உனக்கு நாதியில்லையா? உன் அப்பன் உன்னை நினைத்தே செத்தானேடி.

இப்போது வாயைத் திறந்தால் போதும். மைக்கைப் பிடுங்கிச் சொல்லலாம். தேடச் சொல்லலாம். சாவதற்குள் ஒரு தடவை அந்த முகத்தைப் பார்த்துவிடலாம்.

அவள் திரும்பினாள்.

வேலம்மாள் கண்ணாடியில் நெற்றி முட்டக் குனிந்து தூக்குவாளியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முகத்தில் ரத்தமே இல்லை.

அன்று காலையில் மகளுக்கு எதில் சோறு கட்டினோம் என்று அவளுக்கும் தெரியும்தானே.

வெளியே மைக்கில் யாரோ ஊர்ப் பெருமை பேசிக்கொண்டிருந்தார்கள்.

"மதினி."

வேலம்மாள் நிமிரவில்லை.

"இந்த வாளிய மொத நாளு ராவே நா திருப்பிக் குடுத்துட்டேன்ல? பணியாரம் வச்சு?"

அவள் கை வந்து இவள் கையைப் பிடித்தது.

மகள் முகம் ஒரு தரம் வந்து போனது.

"குடுத்தியே" என்றாள். "நல்லா இருந்துச்சு."

"அப்பச் சரி" என்றாள் வேலம்மாள். முந்தானையால் கண்ணாடியைத் துடைத்தாள். அதில் தூசி ஒன்றும் இல்லை.

சங்கரேஸ்வரியின் தாயார் வந்து விளக்கேற்றும்படி மைக்கில் கூப்பிட்டார்கள்.

அவள் போனாள். மாலை போட்ட மகள் படத்தின் முன்னால் குனிந்தாள். செல்வக்கனி, என் தாயீ என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டே திரியைப் பற்றவைத்தாள்.