நிஷாதத்துக்கு ஒரு யானை

உலகத்துச் சங்கீதம் முழுவதும் ஏழு பிராணிகளின் தொண்டையிலிருந்து பிறந்தது.

சங்கீத பூஷணம் அருளம்பலம் இதை, திருகோணமலைத் துறைமுகத்தைப் பார்த்த ஐந்தாம் வகுப்பறையில், சால்வையைச் சரிசெய்துகொண்டு அறிவித்தார்.

"கோட்டைக்குள்ள மேயிற மானுக்கு என்ன சுரம், சேர்?" என்று ஆனந்தராசா கேட்டான்.

"மான் கேக்கிற சாதி, பாடுற சாதி இல்லை. நீ இரு."

பின்வரிசைக் கதிரையில், பாடம் நடப்பதைச் சோதிக்க வந்த வித்தியாதரிசி இராசநாயகம் உட்கார்ந்திருந்தார். முந்தநாள்தான் மலைநாட்டிலிருந்து மாற்றலாகி வந்தவர். அவர் நல்லபடியாக இரண்டு வரி எழுதினால், அருளம்பலத்தின் ஆறு வருடத் தற்காலிக வேலை நிரந்தரமாகும்.

ஏழு சுரத்துக்கு ஏழு பிள்ளைகள் வரிசையாக நின்றார்கள்.

மயில் கீச்சிட்டது. எருது இருமியது. ஆடு மட்டும் அசலாக இருந்தது. அதில் சுருதிதான் இல்லை. அன்றிலுக்கும் குயிலுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. குதிரையாக நின்ற பையன் குதிரையைக் கண்டதேயில்லை. வாத்தியாரின் குரலையே மூக்கால் பாடிவிட்டு உட்கார்ந்தான்.

வித்தியாதரிசி கொட்டாவியை விழுங்கினார்.

ஏழாவது சுரம் நிஷாதம், யானை. தோப்பூரிலிருந்து வந்து படிக்கும் சித்தி பரீதா. வகுப்பில் யானையை நேரில் கண்டவள் அவள் ஒருத்திதான் என்பதால் கிடைத்த பதவி அது.

பரீதா வாயைத் திறக்கவில்லை.

"பாடு பிள்ளை. ஆனை!"

"ஆனை வயலுக்க வாற நேரம் சத்தமே போடாது சேர். விடியத்தான் தெரியும், வேளாண்மை இரிக்காது."

வித்தியாதரிசி மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பேனையின் மூடியைத் தேடினார்.

அருளம்பலத்தின் சால்வை தோளிலிருந்து நழுவிக் கீழே விழுந்தது.

"ஒருக்காப் பிளிறு மகள்," என்றார், சங்கீத பூஷணம் எல்லாம் மறந்துபோன குரலில்.

பரீதா பாவப்பட்டு வாயைத் திறந்தாள்.

கனத்த, நீண்ட நாதம் ஒன்று எழுந்தது. ஜன்னல் கம்பிகள் அதிர்ந்தன. மேசையில் மைக்கூடு நடுங்கியது. பிள்ளைகள் எல்லாரும் கடற்பக்கம் திரும்பினார்கள்.

வித்தியாதரிசி மட்டும் கண்களை இறுக மூடியிருந்தார்.

"நிஷாதம்! சுத்தமான நிஷாதம்!"

பரீதா திறந்த வாயை மூட மறந்து நின்றாள். அருளம்பலம் குனிந்து சால்வையை எடுத்தார். தூசியைத் தட்டித் தோளில் போட்டுக்கொண்டார்.

அறிக்கை அடுத்த வாரம் வந்தது.

"மற்ற ஆறும் சுமார். யானை அபாரம். வருகிற மாதம் கொழும்பில், மேலதிகாரிகள் முன்னிலையில், இந்தப் பிள்ளை இதே சுரத்தைப் பாடிக் காட்டியதும் ஆசிரியரை நிரந்தரமாக்கலாம்."

நிஷாதம் பாடிய, கோதுமை மா ஏற்றிவந்த கப்பல் வியாழக்கிழமையே துறைமுகத்தை விட்டுப் போயிருந்தது.