காலியிடம்

"பிஎச்.டி. சீட்டு ஃபுல் ஆயிட்டு. நீங்க கெளம்பலாம்."

ஆய்வுக்கூட வாசலிலேயே நிறுத்திச் சொன்னான் மெல்வின். அங்கே ஆராய்ச்சி மாணவன்.

சண்முகப்ரியா ஏரலிலிருந்து காலை பஸ் பிடித்துத் தூத்துக்குடி வந்திருந்தாள். முத்துச்சிப்பியைத் திறக்காமல், உயிரோடு வைத்தே, உள்ளே முத்து வளர்வதை எக்ஸ்ரே ஸ்கேனில் படம் பிடிக்க வேண்டும். எம்.எஸ்சி. இயற்பியல் படித்தபோது பிடித்துக்கொண்ட ஆசை. அதற்கான கருவி இந்தப் பக்கத்தில் இந்தக் கல்லூரிப் பேராசிரியர் ஒருவரிடம்தான் இருந்தது.

"வெப்சைட்டுல ஒரு இடம் இருக்குன்னு போட்டிருக்கே?"

"அத யாரும் மாத்தல."

"சாரைப் பாக்கலாமா?"

"டெல்லி போயிருக்காரு. ஹைதராபாத்துல பூமான்னு ஒரு மேடம் இதே வேலைதான் பண்ணுதாங்க. அவங்களுக்கு மெயில் போட்டுப் பாருங்க."

கதவைச் சாத்திக்கொண்டான்.

கீழே அலுவலகத்தில் இருந்த அல்போன்சா ஆச்சரியப்பட்டாள். "ஃபுல்லா? காலியாத்தானம்மா கெடக்கு!"

சண்முகப்ரியா விறுவிறுவென்று மாடியேறினாள்.

"ஏன் பொய் சொன்னீங்க?"

மெல்வின் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "எங்க சொந்தத்துல ஒரு பிள்ளைக்கு வச்சிருக்கேன். நான் சொன்னா சார் கேப்பாரு. வீணா அலையாதீங்க."

"வெக்கமா இல்ல உங்களுக்கு?"

மெல்வின் மறுபடியும் கதவைச் சாத்திக்கொண்டான்.

வீட்டுக்கு வந்து அழுதாள். அப்பா பாண்டியராஜன் கடையைச் சாத்திவிட்டு வந்து விஷயத்தைக் கேட்டார்.

"ஆள் இருக்கவனுக்குத்தாம்ளா எல்லாம். நமக்கு யாரு இருக்கா?"

வேறு வழி தெரியாமல் பூமா மேடத்துக்கு மெயில் போட்டாள். வீடியோவில் நேர்முகத் தேர்வு நடந்தது. இடம் கிடைத்தது, உதவித்தொகையோடு.

ஆனாலும் கோபம் ஆறவில்லை. ரயிலேறுவதற்கு முன், தூத்துக்குடி பேராசிரியருக்கு ஒரு மெயில் தட்டினாள். 'உங்கள் மாணவர் மெல்வின், காலியாக உள்ள இடத்தை நிரம்பிவிட்டதாகச் சொல்லி வருகிறவர்களைத் திருப்பி அனுப்புகிறார்.'

'தகவலுக்கு நன்றி' என்று பதில் வந்தது. நியாயம் செய்துவிட்ட நிம்மதி அவளுக்கு.

மறு வருடம் பொங்கல் விடுமுறைக்கு ஊருக்கு வந்தாள். சிப்பிக்குள் முத்து அடுக்கடுக்காக வளரும் படங்கள் லேப்டாப்பில் இருந்தன. மெல்வினிடம் அவற்றைக் காட்டி நாலு வார்த்தை கேட்டுவிட்டு வரவேண்டும் என்று தூத்துக்குடிக்குக் கிளம்பினாள்.

ஆய்வுக்கூடம் பூட்டிக் கிடந்தது. அல்போன்சாவிடம் போனாள்.

"மெல்வினா? அவன் இப்ப துறைமுகத்துல, கண்டெய்னர் ஸ்கேன் பண்ணுத இடத்துல இருக்காம்மா."

"அவரு சொந்தக்காரப் பொண்ணு இங்க சேந்துட்டாளா?" குத்தலாகவே கேட்டாள்.

"சொந்தமாவது, பந்தமாவது!" அல்போன்சா குரலைத் தாழ்த்தினாள். "ஆறு வருஷமா அவன் எடுத்த படத்தையெல்லாம் சார் தன் பேருல போட்டுக்கிட்டாரு. தீசிஸ்ல கையெழுத்துப் போடாம இழுத்தடிச்சாரு. 'நான் பட்டது போதும்க்கா'ன்னு, வந்த பிள்ளைகள அவந்தான் ஏதாவது பொய் சொல்லி வேற எடத்துக்கு அனுப்பிவிட்டுக்கிட்டு இருந்திருக்கான். எனக்கே பொறவுதான் தெரியும்."

சண்முகப்ரியா லேப்டாப் பையைக் கீழே வைத்தாள்.

"உண்மையைச் சொல்லியிருக்கலாமே?"

"எப்படிச் சொல்லுவான்? கையெழுத்து சார் கையிலல்லா இருக்கு!"

"இப்ப... பட்டம் வாங்கிட்டாரா?"

"எங்க வாங்க? சார் ஒரு வழியா மனசு எறங்கி, கையெழுத்துப் போடுதேன்னு சொல்லியிருந்தாரு. அந்த வாரம் பாத்து எவளோ ஒருத்தி சாருக்கு மெயில் போட்டு அவனக் காட்டிக் குடுத்துட்டா."