மொய்னுதீன் கிணறு

"மூடி சீல் வெச்சிடுங்க சார். அந்தக் கெணத்துல இனிமே ஒரு வாளிகூட எறங்கக் கூடாது."

பதருன்னிசா மேசைமேல் வைத்த பாட்டிலை அருணகிரி தொடக்கூட இல்லை. செங்கல்பட்டில் தண்ணீர் பரிசோதிக்கும் வேலைக்கு வந்த நாளாய் அவரும் பார்க்கிறார். வரப்புத் தகராறோ, சம்பந்தித் தகராறோ, எதுவானாலும் எதிராளி கிணற்றுத் தண்ணீரை மொண்டுகொண்டு நேரே இங்கே வந்துவிடுகிறார்கள். இந்த அம்மாளும் அந்த ரகம்தான் என்று முகத்தைப் பார்த்ததுமே முடிவுகட்டிவிட்டார்.

"எந்த ஊரும்மா?"

"கேளம்பாக்கம் தாண்டி, கடலோரம். தெருவுல புள்ளைங்களுக்கெல்லாம் வாந்தி பேதி. பக்கத்து வூட்டு லத்தீஃபா கொழந்த ஆஸ்பத்திரில கெடக்குது. எனக்கு அந்தத் தண்ணி மேலதான் சந்தேகம்."

"யாரு கெணறு?"

"மொய்னுதீன் கெணறு."

"அவரு இன்னா சொல்றாரு?"

"அவன் இன்னா சொல்றது? நான் சொல்றேன், மூடணும்."

அவள் சொன்ன வேகத்திலேயே அருணகிரிக்குச் சங்கதி விளங்கிவிட்டது. பழைய பகை, சந்தேகமே இல்லை.

"டானிக் பாட்டில்ல கொணாந்தா செல்லாதும்மா" என்று, ஆவியில் வேகவைத்து எடுத்த பாட்டில் ஒன்றை நீட்டினார். "வாயில கை படாம மொண்டுகினு வரணும். இன்னிக்கு சாயங்காலத்துக்குள்ள வந்தாத்தான் பார்ப்பேன்."

விட்டது சனியன் என்றுதான் நினைத்தார். ஆனால் ஆபீஸ் பூட்டும் நேரத்தில், ஈரத்துணி சுற்றிய பாட்டிலோடு வியர்த்து விறுவிறுத்து வந்து நின்றாள் பதருன்னிசா. திருப்போரூரில் பஸ் தவறிப்போய் உப்பு லாரியில் ஏறி வந்தாளாம். அடுத்தவன் கிணற்றை மூட இத்தனை பிடிவாதமா என்று அவருக்கு எரிச்சலாக இருந்தது.

"மெட்ராஸுக்கு அனுப்பினா வாரக்கணக்குல இழுத்தடிப்பாங்க. இங்க ஒரு ராத்திரி போதும்" என்றபடி, ஊதா நிற மருந்து இருந்த கண்ணாடிக் குழாய்களில் தண்ணீரை விட்டு, சூட்டுப்பெட்டிக்குள் வைத்தார். "காலைல இது மஞ்சளா மாறிச்சின்னா கெட்ட தண்ணி. மாறலன்னா நீ இந்தப் பக்கமே தலைகாட்டக் கூடாது."

"மாறலன்னா அல்லாவுக்கு நன்றி சொல்லிட்டு சந்தோசமா வூட்டுக்குப் போவேன் சார்."

நடிப்பைப் பார் என்று மனசுக்குள் திட்டிக்கொண்டார்.

மறுநாள் காலை முதல் பஸ்ஸிலேயே வந்துவிட்டாள். அருணகிரி பெட்டியைத் திறந்தார். ஒரு குழாய்கூட ஊதாவாக இல்லை. அத்தனையும் மஞ்சள், உள்ளே காற்றுக் குமிழிகள் வேறு. பெட்டியை மூடிவிட்டு அவள் பக்கம் திரும்பினார்.

"கெணத்தாண்ட கக்கூஸ் குழி எதுனா கீதாம்மா?"

"மழைக்கு முன்ன ஒண்ணு புதுசா தோண்டினாங்க."

"அப்போ பிளீச்சிங் பவுடர் கொட்டியும் புண்ணியமில்ல. குழி அழுக்கு கெணத்துக்குள்ள ஊறிக்கினேதான் இருக்கும். மூடத்தான் வேணும்."

பதருன்னிசா கண்ணை இறுக மூடித் திறந்தாள். ஜெயித்தவள் முகமாக அது இல்லை.

"அத்த அப்படியே காயிதத்துல எழுதிக் குடுங்க சார். வெறும் வாயால சொன்னா தெருவு நம்பாது. சுத்துவட்டாரமே உப்புத் தண்ணி, இது ஒண்ணுதான் இனிப்புன்னு எங்கிட்ட சண்டைக்கு வர்றாங்க."

"எழுதறேன். ஆனா கெணத்துக்காரன் சும்மா இருப்பானா? நாளைக்கு அந்த மொய்னுதீன் வந்து என் சட்டையப் புடிச்சா நான் இன்னா பண்றது? மொதல்ல அவனை வரச் சொல்லு, பேசிக்கலாம்."

"அவன் வரமாட்டான் சார். அவன் என் புள்ள, மவுத்தாயி மண்ணுக்குள்ள போயி மூணு வருசம் ஆவுது" என்றாள் பதருன்னிசா. "அதுல தண்ணி குடிக்கிறவங்களோட நன்மையெல்லாம் அவனுக்குப் போய்ச் சேரட்டும்னு அவன் பேருல நான் வெட்டின கெணறு அது, இன்னொருத்தி புள்ள சாவற பாவம் அவனுக்குப் போய்ச் சேரக் கூடாது, சீக்கிரம் எழுதுங்க."